மெதுவாகத் துடித்த குற்றத்துக்கு

விதி இப்படிச் சொல்கிறது: உடற்தகுதிப் பரிசோதனையில் ஒரு தேர்வரின் நாடித் துடிப்பு ஓய்வு நிலையில் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் அவரைத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யக் கூடாது. சிறிது உடலுழைப்புக் கொடுத்து, துடிப்பு உரிய அளவுக்கு உயர்கிறதா, பிறகு தணிகிறதா என்று பார்த்து, பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். தகுதியற்றவர் என்றே முடிவானாலும் காரணத்தை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டால் மறுபரிசோதனைக் குழு ஒன்று அவரைப் பார்க்க வேண்டும். முதலில் பரிசோதித்தவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது.

ஆள்சேர்ப்பு அறிவிக்கையின் பின்னிணைப்பில், யாரும் புரட்டாத கடைசிப் பக்கங்களில் இது இருக்கிறது. நல்ல விதி. எழுதியவர் மருத்துவம் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும்; அதைவிட அபூர்வமாக, ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரிந்தவராகவும் இருந்திருக்க வேண்டும். அரசாங்கத்தில் நல்ல விதிகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நான் என் உத்தியோகக் காலம் முழுவதையும் பணியமைப்புப் பிரிவுகளில், இப்படிப்பட்ட விதிகளின் நடுவில்தான் கழித்தேன். அவற்றை மீறுவதற்கு யாரும் சிரமப்படுவதில்லை. படிக்காமல் இருந்தாலே போதும்.

என் மனைவியின் தம்பி அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார். அவருடைய மகள் கல்லூரி முடித்தபின் திருத்தணியில் எங்கள் வீட்டில் தங்கி, சீருடை அணியும் வேலை ஒன்றுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். எந்தத் துறை என்று எழுதப் போவதில்லை. எந்தத் துறையாக இருந்தாலும் நடந்திருக்கக்கூடியது இதுதான். அந்த வேலைக்கு நெடுந்தூரம் ஓடிக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்தில், கூட வந்தவர்கள் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார, இவள் முதலாவதாக வந்து சேர்ந்து, ஓடியவள் போலவே இல்லாமல் நின்றாளாம். மருத்துவப் பரிசோதனையில் மட்டும் தகுதியற்றவள் ஆனாள். இதயம் மெதுவாகத் துடிக்கிறதாம். ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு.

அதாவது, பல ஆண்டுகள் ஓடி ஓடி எதைச் சம்பாதித்தாளோ அதையே காரணம் காட்டி, ஓட வேண்டிய வேலைக்கு இவள் லாயக்கில்லை என்று எழுதினார்கள். வயது வரம்பு அவளுக்கு அந்த ஆண்டோடு முடிந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவளுக்கு அடுத்த முறை கிடையாது.

ஓட்டத்தின் மீது எனக்கு எந்தப் பிரியமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெடுந்தூரம் ஓடுகிற ஒருவருடன் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு அருவருப்பான பொழுதுபோக்கு என்று தெரியும். காலணிகளின் நாற்றம் மாடியிலிருந்து இறங்கி வந்து என் காப்பிக்குள் விழும். வியர்வை காய்ந்த சட்டையில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். கால்விரல் நகம் முதலில் கறுக்கும், பிறகு கழன்று விழும். அவள் அதை எடுத்து ஜன்னல் வழியே வீசுவாள், ஏதோ கொய்யாக்காயின் காம்பு போல. ஓடுகிற வழியும் தேவலோகம் அல்ல. பஸ்கள் மேலே ஏறத் தொடங்குவதற்கு முன் மலைச் சாலையில் ஓடுவாள். முந்தின நாள் பக்தி ஓரங்களில் கிடக்கும்: மிதிபட்ட மாலை, கசங்கிய தொன்னை, மொட்டையடித்த இடத்திலிருந்து காற்றில் பறந்து வந்த முடிச்சுருள்கள். இத்தனைக்கும் நடுவே வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவதை உடல்நலம் என்கிறார்கள்.

ஆனால் அந்த ஓட்டம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது வேறு விஷயம். பரிசோதனை முடிவு வந்ததும் நான் செய்த முதல் காரியம் மனு எழுதுவது அல்ல. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? மெதுவாகத் துடிக்கும் இதயம் எல்லாமே நல்ல இதயம் அல்ல. தலை சுற்றினாலோ, மயங்கி விழுந்தாலோ, ஓடும்போது நெஞ்சு அடைத்தாலோ அது நோய். குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று போயிருந்தாலும் கவனிக்க வேண்டும். இவளுக்கு இவை எதுவும் இல்லை. இருந்தாலும் இதய மருத்துவர் ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இதயம் என்பது தசையால் ஆன பை. வருடக்கணக்கில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அந்தப் பை சற்றுப் பெரிதாகிறது, சுவர் வலுவாகிறது. ஒரு தடவை சுருங்கினால் மற்றவர்களுக்குப் போவதைவிட அதிக ரத்தம் வெளியே போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு வேண்டிய ரத்தத்தின் அளவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அந்த இதயம் குறைவான தடவை துடித்தாலே வேலை முடிந்துவிடுகிறது. ஓடும்போது அது தேவைக்கேற்ப வேகமாகத் துடிக்கும். நின்றவுடன் மளமளவென்று இறங்கும். நுரையீரலைப் பற்றி மக்கள் நினைப்பது தவறு என்றும் சொன்னார். ஓடினால் நுரையீரல் பலூன் மாதிரி பெரிதாகிவிடாது. அதன் அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மூச்சை இழுக்கும் தசைகள் பலப்படும்; மேலோட்டமாகப் பல மூச்சு விடுவதற்குப் பதில் ஆழமாகச் சில மூச்சு விட உடம்பு பழகும்; உள்ளே போன பிராணவாயுவைக் கால் தசைகள் வீணாக்காமல் பிடித்துக்கொள்ளும்.

"இவளுக்கு ஒண்ணும் இல்ல. என் நெஞ்சு இப்படி இருந்தா நான் சந்தோஷப்படுவேன்" என்றார் மருத்துவர். அவருடைய வயிறு மேஜை விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

தனியார் மருத்துவரின் சான்றுக்கு இந்த விஷயத்தில் எந்த மதிப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனுவுடன் இணைத்தேன்.

பரிசோதனை நடந்த விதத்தை அவள் வீட்டுக்கு வந்த அன்று மாலையே சொல்லியிருந்தாள். ஒரு நீண்ட கூடம். ஒரே மின்விசிறி, அதுவும் மருத்துவரின் தலைக்கு மேல். நெஞ்சு அளக்கும் நாடா நூறு பேரின் வியர்வையில் ஊறிப் பழுப்பாகியிருந்தது. இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியின் கிண்ணங்களை ஒருத்தி நெஞ்சிலிருந்து பிடுங்கித் துடைக்காமல் அடுத்தவள் நெஞ்சில் ஒட்டினார்கள். இவள் நாடியைப் பிடித்தவர் இரண்டு தடவை எண்ணிவிட்டு, கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாராம்.

"ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியான்னு டாக்டர் கேட்டாரு மாமா. இல்ல சார், ஓடுவேன்னேன். வெளிய அத்தினி பேரும்தான் ஓடிட்டு வந்துகிறாங்க, அவங்களுக்கெல்லாம் எழுவது எம்பதுன்னு இருக்குதேன்னாரு. அவங்கல்லாம் என் பின்னாடி ஓடனவங்க சார்னேன்."

"அப்படியேவா சொன்ன?" என்றாள் என் மனைவி.

"ஆங். அதுக்கப்பறம்தான் அத்தை எழுதனாரு."

அவளை எழுந்து நாலு தடவை குதிக்கச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த மருத்துவர் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. காரணம் எழுத்தில் தரப்படவில்லை. அறிவிப்புப் பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே ஒரு சொல் மட்டும் இருந்தது.

மேல்முறையீட்டு மனுவை உரிய காலத்துக்குள், உரிய அதிகாரிக்கு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. பிறகு நேரில் போனேன். என்னைப் போலவே ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைப் போலவே என்று நான் சொல்வது புகழ்ச்சி அல்ல. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பேனாவைக் காதில் செருகி, கதவைத் திறந்து வருகிறவரைப் பார்க்காமலே இருக்கும் அந்தக் கலை எனக்கும் தெரியும்.

"போர்டு உக்காரணும் சார்" என்றார்.

"எப்ப உக்காரும்?"

"மெம்பர் போடணும்."

"யாரு போடணும்?"

"அது போர்டு உக்காந்தாதான் சொல்ல முடியும்."

"மெம்பர் இல்லாம போர்டு எப்படிங்க உக்காரும்?"

அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ரிட்டயர்டா சார்?" என்றார். வியாதியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டவரின் குரல் அது.

தறிக்கு அமாவாசை அன்று விடுமுறை. என் மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வருவது அந்த ஒரு நாளில்தான். அந்த அமாவாசைக்கு ஒரு தூக்குவாளியில் காரக்குழம்பும் முகத்தில் ஒரு முடிவுமாக வந்தார். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது என்றார். பெண்ணுக்கு நெஞ்சு வியாதியாம், அரசாங்க டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டாராம். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து பார்ப்பதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. வராததற்குக் காரணமும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பதில் எழுதும் விதி எதுவும் இல்லை என்பதால் நான் குறை சொல்ல முடியவில்லை.

"இன்னா பாவா, இன்னும் பேப்பரே எழுதிக்கினு கீறீங்க" என்றார் மைத்துனர். "தறி மெதுவா ஓடுதுன்னா இன்னா அர்த்தம்? பெல்ட்டு தளந்துபோச்சு, இல்ல மோட்டாரு போச்சு. மெதுவா ஓடற தறிய எவனாச்சும் நல்ல தறின்னு சொல்லுவானா?"

"உன் தறி ஒரு அடிக்கு ஒரு இழை போடுது. இவ நெஞ்சு ஒரு அடிக்கு ரெண்டு இழை போடுதுன்னு வெச்சிக்கோ. அப்ப பாதி வேகம் போதாதா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அப்பிடி ஒரு தறி இருந்தா எங்கன்னு சொல்லுங்க பாவா. நாளைக்கே வாங்கறேன்."

"நைனா, நீ குழம்ப ஊத்து" என்றாள் மகள்.

ஆனால் நான் சொன்னதில் அவருக்கு வேண்டியது ஒன்று இருந்தது. "ஓடனதாலதான மெதுவாச்சுன்றீங்க? அப்ப ஓடாம இருந்தா ஏறிடும். போர்டு கூப்டற வரைக்கும் ஓடாத. அவ்ளோதான். இதுக்குப் போயி ரூலு, கீலு."

தர்க்கத்தில் பிழை இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தினால் சில வாரங்களில் அந்த இதயம் பழையபடி சாதாரண இதயமாகும், ஓய்வில் வேகமாகத் துடிக்கும் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். ஆரோக்கியமானவள் என்ற சான்று வாங்க, இருக்கிற ஆரோக்கியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். என் உத்தியோக வாழ்க்கையில் பல கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான அயோக்கியத்தனத்தைப் பார்த்ததில்லை. ஆனால் மாற்று என்ன என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் மூன்றாவது நினைவூட்டல்தான் இருந்தது. மகள் அப்பாவுடன் அம்மையார்குப்பம் போனாள்.

ஒன்றரை மாதம் போல அங்கே இருந்தாள். சும்மா இருக்க முடியாமல் தறிக் கொட்டகையில் அப்பாவுக்கு உதவியாக நின்றாள். நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். தறிகளின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது, சைகைதான். பஞ்சுத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். தண்ணீர்க் குடம், ஜன்னல் கம்பி, சாமி படம், மனிதர்களின் புருவம். மைத்துனர் காலையில் எழுந்ததும் இருமுவார். அரை மணி நேர இருமல்; கடைசியில் கொல்லைப்புறம் போய் எதையோ காறி உமிழ்ந்துவிட்டு வந்து தேநீர் குடிப்பார். அவருக்கு அது பல் தேய்ப்பதைப் போல ஒரு காரியம். கொட்டகையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டது அவள் ஒருத்திதான். அதற்கும் கேலி. "டாக்டரம்மா வந்துட்டாங்கடா" என்றார் பக்கத்துத் தறிக்காரர்.

திரும்பி வந்தபோது அவளுக்கும் இருமல் இருந்தது. நாடியைப் பார்த்தோம். அறுபத்து இரண்டு. என் மனைவி மலையை நோக்கிக் கும்பிட்டாள். மைத்துனர் போனில், "பாத்தீங்களா பாவா, குணமாயிடுச்சு" என்றார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் வரை செய்தி போய், அவரும் என்னை நிறுத்திக் கைகுலுக்கினார். ஒரு நல்ல இதயம் கெட்டுப்போனதற்கு ஊர் முழுக்கக் கிடைத்த வாழ்த்துகளை நான் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் விடிந்ததும் காலணியை மாட்டிக்கொண்டாள். இருமலோடு போகிறாளே என்று என் மனைவி என்னையும் பின்னால் அனுப்பினாள். நான் ஆட்டோவில் போனேன். ஒருவர் ஓட, அவருக்குப் பின்னால் ஓய்வூதியர் ஒருவர் ஆட்டோவில் போவதைப் பார்த்து, மேலே பூ விற்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். முதல் வளைவைத் தாண்டினாள். அடுத்த வளைவில் நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, குனிந்து, சத்தம் வரும்படி மூச்சு வாங்கினாள். இதே இடத்தை அவள் என்னோடு பேசிக்கொண்டே ஓடிக் கடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றும் நான் ஆட்டோவில்தான் இருந்தேன்.

ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். அவளுக்குப் பேச்சு வர நேரமாயிற்று.

"இப்ப எனக்கு அறுவத்திரண்டு. பாஸு" என்றாள். "இந்த வளைவு தாண்ட முடியல. நல்லா கீது இல்ல மாமா, அவங்க தகுதி?"

அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் போனில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கத்தித்தான் பேசினார்.

"நைனா, நான் மறுபடி ஓடப் போறேன்."

"போர்டு கூப்டறதுக்குள்ள ஏறனது எறங்கிடும்மா."

"எறங்கட்டும். அதுதான் என்னுது."

"வேல போயிடும்."

"போனா வந்து தறி ஓட்டறேன். இந்த மூச்ச வெச்சிக்கினு வேலைக்குப் போயி, மொத நாளே டிரெய்னிங்ல மயங்கி உக்காந்தா இன்னா பண்ணுவ? அங்கயும் வந்து மோட்டார மாத்துவியா?"

அவர் இருமினார். பிறகு, "உங்க அத்த கிட்ட குடு" என்றார். அத்தையிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சட்னிக்கு அரைத்தாள்.

மறுபடி ஓடுவது என்ற முடிவில் எனக்கு ஒரு நடைமுறை நியாயமும் தெரிந்தது. அறுபத்து இரண்டோடு குழுவின் முன் போய் நின்றால், முதல் பரிசோதனை சரியாகத்தான் இருந்தது, இடையில் நோய் தணிந்தது என்று ஆகும். விதி கேட்கும் சோதனையை நடத்த அவசியமே இருக்காது. நான் நான்காவது கடிதத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தேன்: தேர்வர் இன்றும் ஓடுகிறார், அவருடைய துடிப்பு இன்றும் குறைவுதான், உழைப்புக்குப் பின் பார்த்துச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும், முதல் தடவை அப்படி ஒரு சோதனை செய்தீர்களா என்று கேட்டேன். கோரப்பட்ட தகவல் இப்பிரிவைச் சார்ந்தது அல்ல என்று வந்தது. எந்தப் பிரிவைச் சார்ந்தது என்று கேட்டதற்கு எதுவும் வரவில்லை.

வெயில் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தினமும் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். அனுபவிப்பவர்களுக்கு அந்தச் செய்தி தேவையில்லை. வெயிலில் ஓடினால் இதயத்துக்கு இரட்டை வேலை. கால்களுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், உடம்பு குளிரத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். ஆகவே இருட்டு பிரிவதற்குள் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவாள். தூரம் போக வேண்டிய நாட்களில் திருவாலங்காடு சாலையில் ஓடினாள். கரும்பு லாரிகள் காய்ந்த இலைச் சோகையைச் சிந்திக்கொண்டு போகும். ஏதாவது ஒரு வயலில் சோகையை எரிப்பார்கள். ஓடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார்கள், அதுவும் வாய் வழியாக, எந்த வடிகட்டலும் இல்லாமல். புகையும் அதே அளவு உள்ளே போகும். புகை தெரிந்தால் திரும்பிவிடுவாள். அவளைத் தாண்டிப் போன லாரிக்காரர் ஒருவர், "யாரும்மா துரத்துறாங்க?" என்று கேட்டாராம். "டாக்டருங்க" என்றாளாம்.

இருமல் போக மூன்று வாரம் ஆயிற்று. மலைச் சாலையின் உச்சி வரை நிற்காமல் ஏற அதற்குப் பிறகும் பல வாரம் ஆயிற்று. துடிப்பு ஐம்பதுக்கு இறங்கி, அதற்கும் கீழே போயிற்று. அது இறங்க இறங்க என் மனைவியின் முகம் வாடியது. வீட்டில் ஒருவர் தேறுவதைப் பார்த்து மற்றவர்கள் கவலைப்பட்ட விநோதமான கோடை அது.

வைகாசியில் குழு உட்கார்ந்தது. நான், மைத்துனர், அவள் மூன்று பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அன்று தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார் மைத்துனர். அமாவாசை அல்லாத நாளில் அவர் தறி நாள் முழுக்க நின்றது எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான். ஃபிளாஸ்க் நிறைய டிகிரி காப்பி கொண்டுவந்திருந்தார். வெளியே உட்கார்ந்திருந்தபோது ஊழியர் ஒருவர் வந்து அடுத்து இவள் பெயர்தான் என்றார். உடனே மைத்துனர் எழுந்தார்.

"மாடிப்படி கீது பாரு, நாலு வாட்டி ஏறி எறங்கிட்டு வா. சூட்டோட சூடா உள்ள போயிடு."

"நைனா."

"எனக்கோசரம்மா."

ஏறி இறங்கினாள். இவள் வந்து நிற்கவும், உள்ளே போனவர் வெளியே வராமல் இருக்கவும், தேநீர் உள்ளே போகவும் சரியாக இருந்தது. இவளைக் கூப்பிட்டபோது துடிப்பு எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. நல்ல இதயத்தின் அடையாளமே அதுதான் என்று மைத்துனருக்கு யார் சொல்வது? அவர் காப்பியைத் தானே ஊற்றிக் குடித்தார்.

கதவு திறந்திருந்ததால் நான் உள்ளே பார்க்க முடிந்தது. மூன்று பேர். நடுவில் வயதான பெண் மருத்துவர். வலது பக்கம் இருந்தவரை உள்ளே போகும்போதே அவள் கண்ணால் எனக்குக் காட்டினாள்; முதலில் இவளைத் தகுதியற்றவள் என்று எழுதிய அதே ஆள். இருக்கக் கூடாது என்று விதி சொல்கிற அதே நாற்காலியில், கால் மேல் கால் போட்டு. நான் எழுந்து ஆட்சேபம் சொல்லியிருக்கலாம். பரிசோதனை தள்ளிப்போயிருக்கும், இன்னொரு குழுவுக்கு இன்னொரு மெம்பர் போட வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அருவருப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது.

பெண் மருத்துவர் நாடியைப் பிடித்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி பிடித்தார்.

"எவ்ளோ தூரம் ஓடுவே?"

சொன்னாள்.

"வெளிய மாடிப்படி இருக்குதில்ல? நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஏறி எறங்கு."

மைத்துனர் என் தொடையில் தட்டினார். "நான் சொன்னன் இல்ல பாவா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை மகள் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் பார்க்கவில்லை.

மருத்துவரே எழுந்து படியருகே வந்து நின்றார். அவள் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். கீழே நோயாளிகள் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நிறுத்தியதும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை எண்ணினார். பிறகு உள்ளே திரும்பிப் பார்க்காமலே, "இந்த டெஸ்ட்டு மொதல்ல பண்ணினீங்களா டாக்டர்?" என்றார். வலது பக்கத்து நாற்காலியில் கால் மேல் இருந்த கால் கீழே இறங்கியது.

"போம்மா. தகவல் வரும்" என்றார்.

தகவல் வரவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. பணியில் சேர்பவர்களின் பட்டியல் ஒன்று வெளியாகி, அதில் இவள் எண் இல்லை. மைத்துனர் அமாவாசைக்கு வந்து எதுவும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் எழுதிய கடிதங்களின் எண்ணிக்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் மட்டும் தினமும் ஓடினாள். "வரலன்னா?" என்று ஒரு நாள் அத்தை கேட்டாள். "வரலன்னா இன்னா, நாளைக்கும் மலை அங்கதான இருக்கப்போகுது" என்றாள். அன்று ஓடிவிட்டு வர வழக்கத்தைவிட வெகுநேரம் ஆயிற்று.

கடிதம் வந்தபோது அவள் கொல்லையில் காலணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வாங்க மாட்டேன் என்று என்னைப் பிரிக்கச் சொன்னாள். இரண்டு பத்தி. முதல் பத்தியில் என்னுடைய கடிதங்களில் ஒன்று மட்டும் ‘பார்வை’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. மற்றவை பிறக்கவே இல்லை. இரண்டாவது பத்தி, தேர்வர் சிகிச்சைக்குப் பின் இதயத் துடிப்புக் குறைபாடு நீங்கப்பெற்றுள்ளதால் தகுதியுள்ளவர் எனக் கண்டறியப்பட்டார், துணைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளார், ஒரு வாரத்துக்குள் பணியில் சேர வேண்டும் என்றது.

என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். போனில் சொன்னதும் மைத்துனர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சிகிச்சையா? யாரு பாவா பண்ணது?"

"நீதான் நைனா" என்றாள் அவள். "படி ஏறி எறங்குன்னியே."

நான் சிரிக்கவில்லை. சிகிச்சை என்று ஒன்று நடக்கவே இல்லை. குறைபாடு என்று ஒன்றும் இல்லை. அந்த வலது நாற்காலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய்யை அவளுடைய பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டது. அடுத்த மருத்துவப் பரிசோதனையில் துடிப்பு நாற்பத்து நான்கு என்று வந்தால், நோய் திரும்பிவிட்டது என்று எழுத ஒருவன் இருப்பான். பதிவைத் திருத்தக் கோரும் நடைமுறை இருக்கிறது. அதற்கான மனுவை மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"மொதல்ல போயி சேந்துடறேன் மாமா. அப்பறம் எழுதுங்க. நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் எழுதுங்க."

காலணிகளை மதில்மேல் காயவைத்துவிட்டு, பெட்டியை இறக்க உள்ளே போனாள். நான் கடிதத்தை மறுபடி பார்த்தேன். அதில் போட்டிருந்த தேதி ஒன்று, உறையின் மேல் தபால் முத்திரையில் இருந்தது வேறொன்று. அவள் சேர வேண்டிய ஒரு வாரத்தை எண்ண இரண்டையும் நான் நம்பவில்லை. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது ஆடி மாதம் ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை.